சேர்த்து வைத்த மேற்கோள்கள் ஏன் மறுநாள் கைகொடுப்பதில்லை?

"உங்களுக்குப் பிடித்த மேற்கோள் எது, அது உங்களுக்கு என்ன தந்தது?" என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கீழே நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உண்மையான கேள்வி இன்னும் கொஞ்சம் ஆழமாக இருப்பதாகத் தோன்றுகிறது. கைபேசியில் நிறைய வரிகளைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. மறுநாள் விடிந்தால் அதே பயம், அதே தள்ளிப்போடல். போதாக்குறைக்கு, "உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்ற உங்களுக்கு மிகப் பிடித்த வரியைக் காந்தி சொல்லவே இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். இனி அதை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா, இந்த வரிகளால் யாருக்காவது உண்மையில் ஏதாவது நடக்கிறதா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. அதற்கே பதில் எழுதுகிறேன். எனக்குப் பிடித்தவையும் வழியில் வந்துவிடும்.

பல ஆண்டுகளாகப் புத்தகப் பிரதிகளைச் செம்மையாக்கும் வேலையில் இருக்கிறேன். நூலாசிரியர் யாரையாவது மேற்கோள் காட்டினால், அவர் அதைச் சொன்னாரா, எங்கே, எந்த ஆண்டு, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று மூலத்தை எடுத்துப் பார்ப்பது என் பொறுப்பு. தன்னம்பிக்கை நூல்கள்தான் இதில் அதிக வேலை வைப்பவை. ஆகவே யார் சொன்னது என்ற பகுதியில் நான் உறுதியாகப் பேச முடியும். மனம் எப்படி இயங்குகிறது என்ற பகுதியில் நான் ஆய்வுகளைப் படிக்கும் ஒரு வாசகன்தான், உளவியலாளர் அல்ல. அங்கே நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி எனக்கு என்னவாக இருக்கிறது என்பது முழுக்க என் சொந்த விஷயம். அதை நீங்கள் ஏற்க வேண்டிய அவசியமே இல்லை.

காந்தி வரியிலிருந்து தொடங்கலாம். உங்களிடம் சொன்னவர் சொன்னது சரிதான். அந்த வாசகம் அந்த வடிவத்தில் அவருடைய எழுத்துகளில் இல்லை. ஆனால் அதற்கு அருகில் வரும் ஒரு பகுதி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அவர் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் 1913ஆம் ஆண்டு உடல்நலம் பற்றி ஒரு தொடர் எழுதினார். அதில் பாம்புக்கடி பற்றிய கட்டுரையில்தான் இது வருகிறது. நம்மை நாம் மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்குகளும் மாறும் என்கிறார். ஒருவன் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும்போது அவனிடம் உலகம் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது என்கிறார். அதோடு, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை என்றும் சேர்க்கிறார். பிரபலமான சுருக்கத்தில் விழுந்துபோனது இந்தக் கடைசிப் பகுதிதான். எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. "நீயே மாற்றமாக இரு" என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறோம். "மற்றவருக்காகக் காத்திருக்காதே" என்றால் இன்றைக்கே செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த வரியை அழிக்க மாட்டேன். அதன் கீழே மூலத்தை எழுதி வைத்துக்கொள்வேன்.

இப்படி இடம் மாறிய வரிகள் ஏராளம். "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரைக் கொடுத்தும் போராடுவேன்" என்பது பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் பெயரில் ஓடுகிறது. அதை எழுதியவர் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர். வால்டேர் இறந்து நூறாண்டுக்கும் மேலான பிறகு, 1906இல் வெளியான ஒரு நூலில், வால்டேரின் மனப்போக்கை விளக்குவதற்காக ஹால் எழுதிய வாக்கியம் அது. "நம் ஆழமான பயம் நாம் போதாதவர்கள் என்பதல்ல" என்று தொடங்கும் பகுதியை மண்டேலா 1994இல் பதவியேற்றபோது பேசியதாக எத்தனையோ பிரதிகளில் பார்த்திருக்கிறேன். அந்த உரையில் அது இல்லை. அமெரிக்க எழுத்தாளர் மேரியன் வில்லியம்சன் 1992இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு வேறு விளைவை எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்ற வரிக்கும் ஐன்ஸ்டைனுக்கும் தொடர்பு இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை. அச்சில் அது 1980களின் தொடக்கத்தில், போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கான வெளியீடுகளில் தென்படுகிறது. எனக்கென்னவோ அந்த வரி பிறந்திருக்கக்கூடிய சரியான இடம் அதுதான் என்று தோன்றுகிறது. திரும்பத் திரும்ப அதே குழியில் விழுந்து எழுந்தவர்கள் சொல்லும்போது அதற்கு இருக்கும் எடை, ஒரு விஞ்ஞானியின் படத்துக்குக் கீழே அச்சிடும்போது இல்லை.

பெயர் மாறினால் வரி பொய்யாகிவிடுமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. கருத்து தன் காலில் நிற்கக்கூடியதாக இருந்தால், யார் சொன்னாலும் நிற்கும். ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் சேகரிப்பிலிருந்து பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு வரிகளை மட்டும் படியுங்கள். பெயர் போனதும் வெறும் பேச்சாகிவிடும் வரிகள் நிறைய இருக்கும். அவற்றை இவ்வளவு நாளும் தாங்கியது அந்தப் பெயர்தான்.

ஆனால் சில வரிகளில் பெயரை எடுக்கவே கூடாது. சொன்னவர் பட்டது அந்த வரிக்குள் இருக்கும். விக்டர் பிராங்கல் வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர். நாஜி வதைமுகாம்களில் அடைபட்டவர். தாய், தந்தை, சகோதரர், மனைவி எல்லோரையும் அந்தக் காலத்தில் இழந்தவர். 1946இல் வெளியான நூலில், ஒரு மனிதனிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துவிடலாம், எந்தச் சூழ்நிலையிலும் தான் எப்படி இருப்பது என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தை மட்டும் பறிக்க முடியாது என்று எழுதினார். இதை அவர் சொல்வது ஒன்று. வசதியாக இருக்கும் ஒருவர், கஷ்டத்தில் இருப்பவரைப் பார்த்து "எல்லாம் உன் மனப்பாங்கில்தான் இருக்கிறது" என்று சொல்வது முற்றிலும் வேறு. முதலாவது சாட்சியம். இரண்டாவது கொடுமை. சொற்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும். இதே பிராங்கலின் பெயரில், தூண்டுதலுக்கும் எதிர்வினைக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது என்றொரு வரி உலவுகிறது. அதைப் பரப்பிய தன்னம்பிக்கை நூலாசிரியர் ஸ்டீபன் கோவே, ஒரு நூலகத்தில் ஏதோ ஒரு நூலில் படித்ததாகவே சொல்லியிருக்கிறார். பிராங்கலின் நூல்களில் அது இல்லை. நல்ல வரிதான். பயன்படுத்துங்கள், அவர் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள்.

இத்தனை காலம் மூலங்களைத் தேடியதில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் இந்தத் திருத்தங்கள் அல்ல. ஒரு வரியை அதன் அக்கம்பக்கத்தோடு படித்தால்தான் அது நம்முடையதாகிறது என்று தெரிந்ததுதான். பெரும்பாலான புகழ்பெற்ற வரிகளுக்கு அடுத்த வரியில் ஒரு நிபந்தனையோ ஒரு சந்தேகமோ காத்திருக்கும். சுருக்கி அச்சிடும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். வாழ்க்கையில் அந்த வரி தோற்கும்போது நாம் தேடுவதும் அதைத்தான்.

"இதுவும் கடந்துபோகும்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகக் கதை மரபில் நெடுங்காலமாக இருந்து வருவது. 1859 செப்டம்பர் 30 அன்று, அமெரிக்காவின் மில்வாக்கியில் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியில் ஆபிரகாம் லிங்கன் இதைச் சொன்னார். அப்போது அவர் குடியரசுத் தலைவர் ஆகவில்லை. எந்த நேரத்திலும் எந்தச் சூழலிலும் உண்மையாக இருக்கும் ஒரு வாக்கியம் வேண்டும் என்று கீழைநாட்டு அரசன் ஒருவன் அறிஞர்களிடம் கேட்டானாம், அவர்கள் இதைத் தந்தார்களாம். பெருமிதம் தலைக்கேறிய வேளையில் எவ்வளவு அடக்குகிறது, துன்பத்தின் ஆழத்தில் எவ்வளவு ஆறுதல் தருகிறது என்று லிங்கன் வியக்கிறார். இங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அவர் நிறுத்தவில்லை. ஆனாலும் இது முழு உண்மையாக இருக்காது என்று நம்புவோம் என்கிறார். வெளியே மண்ணையும் உள்ளே அறிவையும் ஒழுக்கத்தையும் நன்றாகப் பண்படுத்தினால், பூமி இருக்கும்வரை கடந்துபோகாத ஒரு வளத்தை உண்டாக்கலாம் என்று முடிக்கிறார். தான் மேற்கோள் காட்டிய வரியோடு அதே மூச்சில் வாதாடுகிறார், பாருங்கள்! அதைப் படித்த பிறகு "இதுவும் கடந்துபோகும்" எனக்குக் கைகட்டி உட்காரச் சொல்லும் வரியாக இல்லை. வலி கடந்துபோகட்டும். எது கடந்துபோகாமல் இருக்க வேண்டுமோ அதற்கு உழைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

இன்னோர் உதாரணம், "மறுபடி முயன்று பார். மறுபடி தோற்றுப்போ. இன்னும் நன்றாகத் தோற்றுப்போ." தொழில் தொடங்குபவர்கள் நேசிக்கும் வரி. டென்னிஸ் வீரர் ஸ்டான் வாவ்ரிங்கா இதைக் கையில் பச்சை குத்தியிருக்கிறார். இது ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் 1983இல் வெளியிட்ட ஒரு குறும்படைப்பில் வருகிறது. தொடர்ந்து படித்தால் வெற்றியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இன்னும் மோசமாகத் தோற்பது பற்றியும், வெறுத்துக் குமட்டும்வரை தோற்பது பற்றியும் போகிறது. உற்சாகமூட்ட எழுதப்பட்டதே அல்ல. இது தெரிந்ததும் பலர் ஏமாற்றமடைகிறார்கள். எனக்கு அந்த வரி இன்னும் நெருக்கமானது. அடுத்த முறை ஜெயிப்பாய் என்று வாக்குக் கொடுக்காமலே ஒருவர் "மறுபடி" என்கிறாரே, அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

இனி நம்முடையவை. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" தெரியாதவர் இல்லை. புறநானூற்றின் 192ஆம் பாடலில் அது முதல் வரி, கணியன் பூங்குன்றனார் பாடியது. பொதுவாக அதை உலக சகோதரத்துவத்துக்கான முழக்கமாக எடுத்துக்கொள்கிறோம், தவறில்லை. ஆனால் பாட்டு முழுவதும் படித்தவர்களுக்கு அது முழக்கமாகத் தோன்றாது, ஒரு நீண்ட அமைதியாகத் தோன்றும். தீதும் நன்றும் பிறர் தர வாரா என்கிறார். நோவதும் தணிவதும் அப்படியே. சாவு புதிதல்ல. வாழ்வு இனிதென்று மகிழ்ந்து குதித்ததும் இல்லை, வெறுத்து இன்னாதென்று சொன்னதும் இல்லை. மின்னலோடு மழை பெய்து, கல்லில் மோதி ஒலித்து ஓடும் பேராற்றில் நீரின் வழியே போகும் புணையைப் போல உயிர் முறைவழியே போகிறது என்று தெளிந்திருக்கிறோம் என்கிறார். அதனால்? "மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே." பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. அந்தக் கடைசி வரிதான் இத்தனை வரிகளிலும் எனக்கு மிகப் பிடித்தது. நீங்கள் தலைப்பில் கேட்டதற்கான பதில் இதுவே.

அது எனக்கு என்ன செய்கிறது என்று சொல்கிறேன். என் மேசைக்குப் பெரிய பெயர்களின் பிரதிகளும் வரும், முதல் நூல் எழுதுபவர்களின் பிரதிகளும் வரும். பெரிய பெயரைப் பார்த்ததும் கை தயங்கும், பிழை இருந்தாலும் இவர் காரணமாகத்தான் எழுதியிருப்பார் என்று விட்டுவிடத் தோன்றும். புதியவர் பிரதியில் அதே கை வேகமாக வெட்டும். "வியத்தலும் இலமே, இகழ்தல் அதனினும் இலமே" என்பது அந்த இரண்டு கையையும் ஒன்றாக்குகிறது. "அதனினும்" என்று இகழ்வதற்குக் கூடுதல் தடை போட்டதற்காக அந்தப் புலவரிடம் எனக்குத் தனி நன்றி உண்டு. இரண்டும் தவறென்றாலும் இரண்டும் சமமான தவறு அல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இது எனக்குக் கிடைத்தே இருக்காது.

பாரதியின் "தேடிச் சோறுநிதந் தின்று" பகுதியும் உங்கள் பட்டியலில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். வேடிக்கை மனிதரைப் போலே நான் வீழ்வேனென்று நினைத்தாயோ என்ற சீற்றத்தோடு நாம் நிறுத்திவிடுகிறோம். பாட்டு அங்கே நிற்கவில்லை. அடுத்து "நின்னைச் சிலவரங்கள் கேட்பேன்" என்று சக்தியிடம் கேட்கத் தொடங்குகிறார். முன்னைத் தீய வினைப்பயன்கள் அழிய வேண்டும், என்னைப் புதிய உயிராக்க வேண்டும், ஏதும் கவலையறச் செய்ய வேண்டும், மதியைத் தெளிவு செய்ய வேண்டும், என்றும் சந்தோஷம் கொண்டிருக்கச் செய்ய வேண்டும் என்கிறார். சவாலும் வேண்டுதலும் ஒரே பாட்டில், ஒரே மூச்சில். முதல் பாதியை மட்டும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டவர் சோர்ந்துபோகும் நாளில் தன்னைக் கோழை என்று நினைத்துக்கொள்வார். முழுப் பாட்டையும் அறிந்தவருக்கு, வீழமாட்டேன் என்றவரும் கவலை நீங்க வேண்டும் என்று கேட்டவர்தான் என்பது தெரியும். உதவி கேட்பது அந்த வீரத்துக்கு முரணானது அல்ல. இதை இளைஞர்களிடம் நான் விடாமல் சொல்வதுண்டு.

குறளில் இது வேறு வடிவில் வரும். "எண்ணிய எண்ணியாங்கு எய்துப" என்ற பாதியைத் தன்னம்பிக்கைப் பேச்சுகளில் அடிக்கடி கேட்கலாம், நினைத்தால் நடக்கும் என்பது போல. "எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்" என்ற நிபந்தனை மறுபாதியில் இருக்கிறது. 620ஆம் குறள், தளராமல் தாழாமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காண்பர் என்கிறது. 380ஆம் குறளோ ஊழைவிட வலியது எது, அதை விலக்க வேறொரு வழியை எண்ணினாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறது. இரண்டும் தத்தம் அதிகாரத்தின் கடைசிக் குறள். 380 அறத்துப்பாலுக்கே கடைசி. ஒரே நூலில் இரண்டும் எப்படி என்று உரையாசிரியர்கள் பலவிதமாக இணக்கம் காண முயன்றிருக்கிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவன் அல்ல. எனக்குப் புரிந்தவரை, ஊழின் வலிமையை முழுதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் முயற்சியைப் பற்றிப் பேசுகிறார். அந்த வரிசை முக்கியம். நடுவில் இருக்கிறது நான் உண்மையில் பிடித்துக்கொள்ளும் குறள், 619. தெய்வத்தால் ஆகாதென்றாலும் முயற்சி தன் மெய்வருத்தக் கூலி தரும். நினைத்த பலன் வராமல் போனாலும், உடல் வருந்திய அளவுக்குக் கூலி உண்டு, பாழாகாது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. மாதக்கணக்கில் நான் உழைத்த சில பிரதிகள் அச்சுக்கே போகவில்லை. அப்போதெல்லாம் "வெற்றி நிச்சயம்" வகை வரி எதுவும் உதவவில்லை, அது பொய்த்துவிட்டதே! இந்தக் குறள் உதவியது. அந்த நூல் வரவில்லை, ஆனால் அதற்காகத் தேடிக் கற்றது அடுத்த நூலில் கைக்கு வந்தது. குறள் வாக்குக் கொடுத்த அளவும் அவ்வளவுதான்.

சரி, மறுநாள் ஏன் கைவிடுகிறது? ஓரளவு உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மையென்று தோன்றும் என்பதை 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டோப்பினோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் சோதித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் பலமுறை அது உறுதிப்பட்டிருக்கிறது. ஓசை இயைபுள்ள பழமொழிகளை, அதே பொருளை இயைபின்றிச் சொல்வதைவிட உண்மையானவையாக மக்கள் மதிப்பிடுகிறார்கள் என்று 2000இல் வெளியான மெக்லோனின் ஆய்வு சொல்கிறது. எதுகையிலும் மோனையிலும் வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 2015இல் பெனிகுக் குழுவினர், கனமான சொற்களைக் கணினி தாறுமாறாகக் கோத்த வாக்கியங்களைக் கொடுத்தபோது, அவற்றில் ஆழம் இருப்பதாகப் பலர் மதிப்பெண் போட்டார்கள். ஆக, நெஞ்சு நிமிர்ந்தது என்பது வரி உண்மை என்பதற்கும் சாட்சி இல்லை, வரி உங்களை மாற்றிவிட்டது என்பதற்கும் சாட்சி இல்லை. உங்களிடம் குறை இருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் இப்படித்தான்.

சந்தேகத்துக்கு இடமுள்ளதையும் சொல்லிவிட வேண்டும். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரியவன்" போன்ற வாக்கியத்தைத் திரும்பச் சொல்லும்போது இன்னும் மோசமாக உணர்ந்தார்கள் என்று 2009இல் ஜோன் வுட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். அந்த முடிவு பெரிதாகப் பேசப்பட்டது. பின்னால் வேறு ஆய்வாளர்கள் அதையே செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. எனவே உயர்வான வரிகள் சிலருக்குக் கெடுதல் செய்யும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு வரி உங்களைத் தாழ்வாக உணரவைத்தால் அதை வைத்திருக்கக் கடமையில்லை என்று மட்டும் சொல்வேன்.

இதைவிட உறுதியாக நிற்பது இன்னொன்று. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய முறை. இலக்கை மட்டும் நினைக்காமல், இன்ன நேரம் இன்ன சூழல் வந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது. அவரும் ஷீரன் என்ற ஆய்வாளரும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது இலக்கை எட்டுவதில் கணிசமான பலன் தெரிந்தது. மேற்கோள்களில் பொதுவாக இல்லாதது இந்த "எப்போது" என்பதுதான். அதை எழுதியவர் உங்களுக்காகச் சேர்த்திருக்க முடியாது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். என் வரிகளுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். கணியன் பூங்குன்றனாரின் கடைசி வரி, பிரதியின் முதல் பக்கத்தில் எழுதியவர் பெயரைப் பார்க்கும் நொடிக்கு உரியது. 619, வேலை பலிக்காமல் போனது என்று செய்தி வரும் நாளுக்கு உரியது. வேறு நேரங்களில் நான் அவற்றை நினைப்பதே இல்லை. இப்படி ஒரு வரிக்கு ஒரு நேரத்தை ஒதுக்கிவிட்டால், அந்த நேரம் வரும்போது அது தானாக வந்து நிற்கப் பழகிவிடுகிறது. இது என் அனுபவம். மேற்கோள்களையே வைத்து நடந்த சோதனை என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், உங்கள் சேகரிப்பை என்ன செய்வது என்பதற்கு என் யோசனை இது. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் எதுவும் நினைவில் நிற்காது. மூன்று அல்லது நான்கு போதும். ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடி, முன்னும் பின்னும் குறைந்தது ஒரு பத்தியாவது படியுங்கள். பாட்டென்றால் முழுப் பாட்டையும். படித்த பிறகும் பிடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அதோடு ஒருமுறை சண்டை போடுங்கள், லிங்கன் செய்தது போல. எங்கே இது பொய்யாகும், யாருக்கு இது பொருந்தாது என்று எழுதிப் பாருங்கள். "முயன்றால் முடியாதது இல்லை" என்பது முயன்றும் முடியாமல் போன ஒருவரைக் குற்றவாளியாக்கும் வரி. அது தெரிந்து வைத்திருப்பவர் அதைத் தனக்கு மட்டும் சொல்லிக்கொள்வார், பிறரிடம் சொல்ல மாட்டார். சண்டையில் பிழைத்த வரிகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்றவற்றை வேண்டுமானால் ரசிப்பதற்காக வைத்துக்கொள்ளலாம். ரசனைக்காக ஒரு வரியை வைத்திருப்பதில் எந்தக் குறைவும் இல்லை. அழகான வாக்கியம் அழகாக இருப்பதற்காகவே நினைவில் இருக்கலாம்.

பிறருக்கு அனுப்பும்போது கூடுதல் கவனம் வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கு மேற்கோள் அனுப்புவதை நான் நிறுத்தியே விட்டேன். அவர்களுக்கு நம் சொந்தச் சொல் இரண்டு போதும், அது தடுமாறினாலும் பரவாயில்லை. இன்னொன்று, உங்கள் கேள்வியில் "பல வாரங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் சரியில்லை" என்று ஒரு வரி இருந்தது. அது எந்த வரியாலும் தீர வேண்டிய விஷயம் அல்ல, ஒரு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்ல வேண்டியது. இதில் என் துறை அறிவுக்கு இடமே இல்லை, ஆனால் அதைப் படித்துவிட்டுச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மூலத்தைத் தேடுவது பற்றிக் கடைசியாக. நூலின் பெயரோ உரை நிகழ்த்திய நாளோ இல்லாமல், வெறும் பெயரோடு வரும் வரியை முதலில் சந்தேகியுங்கள். ஐன்ஸ்டைன், காந்தி, லிங்கன், புத்தர் பெயர்களில் வருபவற்றை இரட்டிப்பாகச் சந்தேகியுங்கள். பெயர் தெரியாத நல்ல வரிகள் இவர்களிடம்தான் போய்ச் சேர்கின்றன. காந்தியின் எழுத்துகள் நூறு தொகுதிகளாக வெளிவந்திருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன, அதில் சொல்லைக் கொடுத்துத் தேடிப் பார்க்கலாம். குறளுக்கு எண் இருக்கிறது, சங்கப் பாடலுக்கும் எண் இருக்கிறது, சில நிமிட வேலைதான். உங்கள் பட்டியலில் மூலம் கிடைக்காமல் இருப்பவற்றை இங்கேயே கீழே எழுதுங்கள், என்னால் முடிந்தவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.